பிரவுசர் அப்டேட் ஆனதும் வேலை நின்றால்: எங்கே பார்ப்பது, எதைத் தொடக்கூடாது

கேள்வி இது: இ-சேவை மையம் ஒன்றில் மூன்று கணினிகள். இரண்டில் விண்டோஸ் 10, ஒன்றில் விண்டோஸ் 7. குரோமும் ஃபயர்பாக்ஸும் மாறிமாறி அப்டேட் ஆகின்றன. ஒருநாள் கைரேகைக் கருவியைத் தளம் கண்டுகொள்ளவில்லை. ஒருநாள் பணம் கட்டித் திரும்பினால் லாகின் பக்கம் வந்து நிற்கிறது. ஒருநாள் புக்மார்க் எல்லாம் காணோம். அப்டேட்டை அடியோடு நிறுத்திவிடலாமா, பழைய வெர்ஷனைத் திரும்பப் போடலாமா?

அப்டேட்டை நிறுத்த வேண்டாம். பழைய வெர்ஷனையும் போட வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்று கோளாறுக்கும் காரணம் வேறு வேறு: முதலாவது அனுமதி, இரண்டாவது குக்கி (உங்களை அடையாளம் காணத் தளம் பிரவுசரில் போட்டுவைக்கும் சின்னக் குறிப்பு), மூன்றாவது ப்ரொஃபைல் (உங்கள் புக்மார்க், பாஸ்வேர்ட், அமைப்புகள் எல்லாம் இருக்கும் தொகுப்பு). மூன்றுக்கும் புதிய வெர்ஷனை வைத்துக்கொண்டே வழி இருக்கிறது. பழைய வெர்ஷனைப் போட்டால் மூன்றாவது கோளாறு இன்னும் மோசமாகும். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏன் நிறுத்தக்கூடாது என்பதற்கு 2023 செப்டம்பரில் நடந்தது ஒன்றே போதும். வெப்பி என்ற பட வகையை விரித்துக் காட்டும் நிரலில் ஒரு ஓட்டை இருந்தது. பக்கத்தில் இருக்கும் படம் திரையில் தோன்றினாலே போதும், எதையும் சொடுக்க வேண்டியதில்லை, தாக்குபவருக்கு வழி கிடைத்துவிடும். அது ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுக்கொண்டிருந்த நிலையில்தான் தெரியவந்தது. செப்டம்பர் 11 அன்று குரோமுக்குத் திருத்தம் வந்தது. மறுநாள் ஃபயர்பாக்ஸ் 117.0.1 வந்தது. அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தவர்களுக்கு ஓட்டை அப்படியே இருந்தது. உங்கள் கணினியில் அடுத்தவருடைய ஆதார் எண்ணும் வங்கி விவரமும் நாள் முழுக்கப் போய்வருகின்றன. அந்தப் பொறுப்பை நினைத்துத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. குரோமின் அடிப்படை நிரலான குரோமியம் யாரும் படிக்கக்கூடிய திறந்த நிரல். ஒரு ஓட்டையை அடைத்தால் அந்த அடைப்பு முதலில் பொதுவில் தெரியும், உங்கள் கணினிக்கு அப்புறம்தான் வரும். இடைப்பட்ட நாட்களில் அந்தத் திருத்தத்தைப் படித்தே ஓட்டை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட முடியும். வெர்ஷன் 77-க்கு முன்னால் இந்த இடைவெளி சராசரியாக 35 நாள் என்று கூகுளே சொல்லியிருக்கிறது. பிறகு ஏறக்குறைய 15 நாளாகக் குறைந்தது. 2023 ஆகஸ்டில் வந்த 116 முதல் வாராவாரம் பாதுகாப்புத் திருத்தம் வருகிறது. பெரிய வெர்ஷன் நான்கு வாரத்துக்கு ஒன்று, நடுவில் வாரம் ஒரு சின்னத் திருத்தம். "இப்போதுதானே அப்டேட் ஆனது, மறுபடியுமா?" என்று தோன்றுவது இதனால்தான்.

அப்டேட் எப்படி உள்ளே வருகிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள், பாதிக் குழப்பம் தீரும். சி டிரைவில் ப்ரோகிராம் ஃபைல்ஸ், அதனுள் கூகுள், குரோம், அப்ளிகேஷன் என்று போங்கள். வெர்ஷன் எண்ணையே பெயராகக் கொண்ட ஃபோல்டர் ஒன்று இருக்கும். அப்படி இரண்டு இருந்தால், புதியது வந்து இறங்கிப் பக்கத்தில் காத்திருக்கிறது, ஓடிக்கொண்டிருப்பது இன்னும் பழையதுதான் என்று அர்த்தம். குரோமை முழுதாக மூடித் திறந்தால்தான் மாற்றம் நடக்கும். மையங்களில் காலையில் திறந்த பிரவுசர் இரவு வரை மூடப்படுவதில்லை; பல இடங்களில் கணினியை ஸ்லீப்பில் போட்டுவிட்டுப் போகிறார்கள். அதனால் இரண்டு மூன்று வாரத் திருத்தங்கள் சேர்ந்து ஒருநாள் மின்சாரம் போய் வரும்போது மொத்தமாக அமலுக்கு வரும். அன்றைக்குக் கூட்டமும் இருந்தால், "அப்டேட் கெடுத்துவிட்டது" என்று தோன்றும்.

மேல் வலது மூலையில் ‘அப்டேட்’ அல்லது ‘ரீலாஞ்ச்’ என்று வந்தால் அன்றே, வேலை முடிந்ததும் ரீலாஞ்ச் செய்யுங்கள். திறந்திருந்த டேப்கள் திரும்ப வரும். இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்தவை வராது. பாதி நிரப்பிய படிவத்தில் எழுதியதும் திரும்ப வரும் என்று நம்ப முடியாது. செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’ பகுதியில், மூடிய பிறகும் பின்னணியில் ஓடவிடும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதை அணைத்து வையுங்கள். இல்லையென்றால் ஜன்னலை மூடினாலும் குரோம் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும், அப்டேட் முடியாது.

வெர்ஷன் எண்ணைப் பார்க்க: மூன்று புள்ளி, ‘ஹெல்ப்’, ‘அபௌட் கூகுள் குரோம்’. இந்தப் பக்கத்தைத் திறந்தாலே புதியது இருக்கிறதா என்று தேடி இறக்கத் தொடங்கிவிடும், ஆகவே வேலை நேரத்தில் வெறுமனே திறந்து பார்க்காதீர்கள். எண் நான்கு பகுதியாக இருக்கும், 120.0.6099.109 என்பதுபோல. முதல் பகுதி பெரிய வெர்ஷன். கடைசிப் பகுதி மட்டும் மாறியிருந்தால் பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தம்தான், பெரிய நடத்தை மாற்றம் அரிது. கோளாறு வந்த நாளில் முழு எண்ணையும் எழுதி வைத்தால், யாரிடம் கேட்டாலும் பதில் சீக்கிரம் கிடைக்கும்.

எண் மாறாமலேயே நடத்தை மாறுவதும் உண்டு. குரோமுக்குள் பல வசதிகள் அணைத்த நிலையில் வந்து, பிறகு கூகுளின் சர்வரிலிருந்து ஒரு பகுதியினருக்கு மட்டும் இயக்கிப் பார்க்கப்படும். 2019 நவம்பரில், குரோம் 78 காலத்தில், இப்படி ஒரு சோதனையை இயக்கியதும் டெர்மினல் சர்வர் (ஒரே சர்வரில் பலர் வேலை செய்யும் ஏற்பாடு) வழியாக வேலை செய்த பல நிறுவனங்களில் டேப்கள் வெள்ளையாகிவிட்டன. யாரும் எதையும் அப்டேட் செய்திருக்கவில்லை. கூகுள் சோதனையை நிறுத்திய பிறகு, குரோமை மூடித் திறந்தவர்களுக்குச் சரியானது. ஒரே வெர்ஷன் உள்ள உங்கள் இரண்டு கணினிகள் வேறு வேறு மாதிரி நடந்துகொண்டால் இதையும் ஒரு காரணமாக நினைவில் வையுங்கள்.

இனி உங்கள் மூன்று கோளாறுகள்.

கைரேகைக் கருவி. ஆதார் சரிபார்ப்புக்கான கருவியோடு ஆர்டி சர்வீஸ் என்ற சின்ன நிரல் ஒன்றை நிறுவியிருப்பீர்கள். அது உங்கள் கணினிக்குள்ளேயே 11100 முதல் 11120 வரை எண்ணிட்ட போர்ட்களில், அதாவது நிரல்கள் பேசிக்கொள்ளும் வாசல்களில், ஒன்றில் காத்திருக்கும். இணையத்திலிருக்கும் தளம், பிரவுசர் வழியாக 127.0.0.1 என்ற உள் முகவரியைத் தட்டி, "கருவி இருக்கிறதா?" என்று கேட்கும். டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கு ஆடிட்டர் அலுவலகங்களில் போடும் நிரல்களும் இதே முறையில்தான் இயங்குகின்றன. 2025 அக்டோபர் கடைசியில் வந்த குரோம் 142 முதல், வெளித்தளம் ஒன்று உங்கள் கணினியின் உள்ளேயோ உள் நெட்வொர்க்கிலோ இப்படித் தட்டினால் குரோம் முதலில் உங்களிடம் அனுமதி கேட்கிறது. உள்ளூர் நெட்வொர்க்கில் உள்ள கருவிகளைத் தேடி இணைய இந்தத் தளம் விரும்புகிறது என்ற பொருளில் சின்னப் பெட்டி ஒன்று வரும். படித்தால் ஏதோ வைரஸ் வேலை போலத் தெரிகிறது. கவுண்டரில் இருப்பவர் பயந்துபோய் ‘பிளாக்’ அழுத்துகிறார். அதன் பிறகு குரோம் கேட்காது. தளம் "கருவி இணைக்கப்படவில்லை" என்று மட்டும் சொல்லும். கருவியைப் பிடுங்கிச் செருகியும், டிரைவரை மறுபடி போட்டும் அரைநாள் போய்விடும்.

செய்ய வேண்டியது: அந்தத் தளத்தைத் திறந்து, முகவரிக்கு இடப்பக்கம் இருக்கும் சின்ன ஐகானைச் சொடுக்கி, ‘சைட் செட்டிங்ஸ்’ போங்கள். அனுமதிகளின் பட்டியலில் லோக்கல் நெட்வொர்க் பற்றிய வரியைத் தேடி ‘அலவ்’ என்று மாற்றி, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். முகவரியை எழுத்துக்கு எழுத்து பார்த்து, அது சரியான அரசு அல்லது வங்கித் தளம்தான் என்று உறுதிசெய்த பிறகே அலவ் கொடுங்கள். இந்தத் தடை வீணாக வந்ததில்லை. எந்தத் தளமும் உங்கள் ரூட்டரின் உள்பக்கத்தைத் தட்டிப் பார்க்க இத்தனை நாளும் வழி இருந்தது. செய்தித் தளமோ, படம் இறக்கும் தளமோ இதே அனுமதியைக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

பெட்டியே வரவில்லை, ஆனாலும் கருவி தெரியவில்லை என்றால் இரண்டைப் பாருங்கள். தளம் எச்டிடிபிஎஸ் இல்லாமல் வெறும் எச்டிடிபி-யில் திறந்திருந்தால் குரோம் கேட்காமலே தடுத்துவிடும். முகவரியில் ‘எஸ்’ சேர்த்துத் திறந்து பாருங்கள். அடுத்தது, கைரேகை கேட்கும் பகுதி பக்கத்துக்குள் இன்னொரு பக்கமாகச் செருகப்பட்டிருக்கலாம். அதற்கான அனுமதி வரியைத் தளம் நடத்துபவர்தான் சேர்க்க வேண்டும், உங்கள் பக்கம் செய்ய ஒன்றுமில்லை. இவை எதுவும் இல்லையென்றால் விண்டோஸ் சர்வீசஸ் பட்டியலைத் திறந்து அந்த ஆர்டி சர்வீஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். நின்றிருந்தால் அதில் ரைட் கிளிக் செய்து ‘ஸ்டார்ட்’. அப்போது கோளாறு பிரவுசருடையது இல்லை.

பணம் கட்டித் திரும்பினால் லாகின் பக்கம். இதன் வேர் 2020 பிப்ரவரியில் வந்த குரோம் 80. அதற்கு முன் ஒரு தளத்தின் குக்கி, வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடும் சேர்ந்து போகும். 80 முதல், எந்தக் குறிப்பும் இல்லாத குக்கியை அப்படி அனுப்பக்கூடாது என்பது இயல்பு விதியானது. நோய்த்தொற்றுக் காலத்தில் அவசியமான தளங்கள் கெடக்கூடாது என்று ஏப்ரலில் கூகுள் இதைத் தள்ளிவைத்தது. ஜூலையில் மறுபடி தொடங்கியது. உங்கள் விஷயத்தில் நடப்பதைப் பாருங்கள். சேவைத் தளத்தில் லாகின் செய்கிறீர்கள், ஒரு செஷன் குக்கி வைக்கப்படுகிறது. வங்கிப் பக்கத்துக்குப் போய்ப் பணம் கட்டியதும், வங்கி உங்களைப் படிவம் அனுப்பும் முறையில், அதாவது போஸ்ட் முறையில், திருப்பி அனுப்புகிறது. வேறு தளத்திலிருந்து வருவதால் குரோம் அந்தக் குக்கியைச் சேர்ப்பதில்லை. சேவைத் தளத்துக்கு நீங்கள் யாரோ புதியவர். லாகின் பக்கத்தைக் காட்டுகிறது. பணமோ போய்விட்டது.

சில வாடிக்கையாளருக்குச் சரியாக வருகிறதே, சிலருக்கு மட்டும் ஏன் என்ற கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. குக்கி வைத்து இரண்டு நிமிடத்துக்குள் திரும்பி வந்தால் அனுப்பலாம் என்று குரோம் ஒரு சலுகை கொடுத்தது. தளத்தைச் செய்தவர் சோதிக்கும்போது லாகின் செய்து, பெயரைத் தட்டி, உடனே பணம் கட்டிப் பார்ப்பார். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், எல்லாம் ஓடும். கவுண்டரில் ரேஷன் அட்டையைப் பார்த்து, முகவரி கேட்டு, புகைப்படத்தின் அளவைக் குறைத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் பணம் கட்டும்போது அந்தச் சலுகை காலாவதியாகியிருக்கும். பெரும்பாலான கட்டணத் தளங்கள் 2020-லேயே திருத்திவிட்டன. திருத்தாதவை இன்னும் இருக்கின்றன. திருத்தம் தளத்தின் பக்கம்தான்: குக்கியில் ‘சேம்சைட் நன்’, ‘செக்யூர்’ என்ற இரு குறிப்புகளைச் சேர்க்க வேண்டும். புகார் எழுதும்போது இந்தச் சொற்களையே எழுதுங்கள், "சர்வர் டவுன்" என்று எழுதாதீர்கள்.

அந்த நேரத்தில் கவுண்டரில் செய்ய வேண்டியது: மறுபடி பணம் கட்டாதீர்கள், ‘பேக்’ பொத்தானையும் தொடாதீர்கள். வங்கிக் குறுஞ்செய்தியில் வந்த பரிவர்த்தனை எண்ணை எழுதிக்கொண்டு, அதே டேப்பில் லாகின் செய்து, விண்ணப்ப நிலையையோ கட்டண வரலாற்றையோ பாருங்கள். பல தளங்களில் வங்கியும் சேவைத் தளமும் தமக்குள் நேரடியாகவும் பேசிக்கொள்வதால் சற்று நேரத்தில் ‘பெய்ட்’ என்று மாறிவிடும். அதே தளத்தில் திரும்பத் திரும்ப இப்படி ஆனால், அந்த ஒரு சேவையை மட்டும் ஃபயர்பாக்ஸில் செய்து பாருங்கள். ஃபயர்பாக்ஸ் இந்த இயல்பு விதியைக் குரோம் அளவுக்கு அமல்படுத்தவில்லை. குரோமின் இன்காக்னிட்டோவில் சோதிக்காதீர்கள். அங்கே பிற தளக் குக்கிகள் இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கும்; புதிதாக இன்னொரு கோளாறு சேர்ந்துகொள்ளும்.

புக்மார்க் காணவில்லை. அழிந்திருக்க வாய்ப்பு குறைவு. ஃபயர்பாக்ஸ் 67 முதல், 2019 மே மாதத்திலிருந்து, கணினியில் எத்தனை முறை ஃபயர்பாக்ஸ் நிறுவினாலும் ஒவ்வொரு நிறுவலுக்கும் தனி ப்ரொஃபைல். வேறு ஃபோல்டரில் மறுபடி நிறுவினாலோ, 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மாறினாலோ புதிய வெற்று ப்ரொஃபைல் திறக்கும். பழையது வட்டில் அப்படியே கிடக்கும். முகவரிப் பட்டையில் அபௌட் என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, ப்ரொஃபைல்ஸ் என்று ஆங்கிலத்தில் இடைவெளியின்றித் தட்டுங்கள். எல்லா ப்ரொஃபைலும் வரிசையாக வரும். பழையதன் கீழ் ‘லாஞ்ச் ப்ரொஃபைல் இன் நியூ பிரவுசர்’ அழுத்தினால் புக்மார்க், பாஸ்வேர்ட் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அதுதான் என்று உறுதியானதும் ‘செட் ஆஸ் டிஃபால்ட் ப்ரொஃபைல்’. புக்மார்க் மட்டும் போதுமென்றால் இன்னொரு வழி: ஃபயர்பாக்ஸ் தானாகவே கடைசி 15 புக்மார்க் பேக்கப்களை வைத்திருக்கும். கண்ட்ரோல், ஷிஃப்ட், ஓ அழுத்தி, ‘இம்போர்ட் அண்ட் பேக்கப்’, ‘ரீஸ்டோர்’ என்று போனால் தேதிவாரியாகத் தெரியும்.

குரோமில் புக்மார்க் காணாமல் போனால் முதலில் வலது மூலையில் இருக்கும் வட்டப் படத்தைப் பாருங்கள். பெரும்பாலும் வாடிக்கையாளர் ஒருவர் தன் ஜிமெயிலைத் திறந்தபோது புதிய ப்ரொஃபைல் உருவாகி, இப்போது அதில் நிற்பீர்கள். கூகுள் ஒத்திசைவை மட்டும் பேக்கப் என்று நம்பாதீர்கள். ஒரு கணினியில் அழித்தால் எல்லாக் கணினியிலும் அழியும். மாதம் ஒருமுறை புக்மார்க் மேனேஜரில் ‘எக்ஸ்போர்ட் புக்மார்க்ஸ்’ கொடுத்து, அந்தக் கோப்பைப் பென் டிரைவில் வையுங்கள். பாஸ்வேர்டையும் இப்படி எடுக்கலாம், ஆனால் அது யாரும் படிக்கக்கூடிய வெறும் எழுத்தாக வரும். அதைக் கணினியில் விட்டுவைக்கக் கூடாது.

இப்போது பழைய வெர்ஷன். ப்ரொஃபைலுக்குள் இருப்பவை சின்னச் சின்னத் தரவுத்தளங்கள். புதிய வெர்ஷன் முதல்முறை திறக்கும்போது அவற்றின் அமைப்பைத் தனக்கேற்ப மாற்றி எழுதும். பழைய வெர்ஷனுக்கு அந்தப் புது அமைப்பைப் படிக்கத் தெரியாது. ஃபயர்பாக்ஸ் இதைக் கண்டுபிடித்து, பழைய வெர்ஷனைத் திறந்திருக்கிறீர்கள் என்று எச்சரித்துப் புதிய ப்ரொஃபைல் உருவாக்கச் சொல்லும். குரோமில் உங்கள் ப்ரொஃபைலைச் சரியாகத் திறக்க முடியவில்லை என்ற செய்தி வரும், அமைப்புகள் உதிர்ந்துவிடும். கூடவே, பழைய நிறுவல் கோப்பு தேடிப் போகும் தளங்களில் பாதி ஆபத்தானவை. மாற்றங்கள் அடிக்கடி வேண்டாம், பாதுகாப்பு மட்டும் வேண்டும் என்றால் நேர்மையான வழி ஃபயர்பாக்ஸ் ஈஎஸ்ஆர் என்ற நீண்டகால ஆதரவு வடிவம். அதில் புது வசதிகள் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறைதான் மாறும். 115, 128, 140 என்று போகிறது. நடுவில் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும். உங்கள் மாதிரி இடத்துக்கு ஒரு கணினியிலாவது இதை வைப்பது நல்லது என்பது என் கருத்து.

விண்டோஸ் 7 கணினியைப் பற்றி மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான். குரோம் 109 அதில் கடைசி. 110 முதல் விண்டோஸ் 10 வேண்டும். அதில் "அப்டேட் ஆகவில்லை" என்பது கோளாறு இல்லை, அவ்வளவுதான் வரும். ஃபயர்பாக்ஸ் 115 ஈஎஸ்ஆர் அதில் ஓடுகிறது; அதற்கான கெடுவை மோசில்லா பலமுறை நீட்டித்தது. அங்கே எக்ஸ்டென்ஷன்கள் (பிரவுசரோடு கூடுதலாகச் சேர்க்கும் சின்ன நிரல்கள்) எல்லாம் ஒரே நாளில் அணைந்திருந்தால் காரணம் 2025 மார்ச் 14: அன்று எக்ஸ்டென்ஷன்களைச் சரிபார்க்க உதவும் மோசில்லாவின் ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானது, 115.13-க்கும் பழையதாக இருந்தால் எக்ஸ்டென்ஷன்களை ஏற்காது. 115-க்குள்ளேயே கடைசித் திருத்தத்துக்கு ஏற்றினால் திரும்பும். அந்தக் கணினியில் வங்கி, ஆதார் வேலை வேண்டாம். ஸ்கேன் செய்யவும், படத்தின் அளவைக் குறைக்கவும், பிரிண்ட் எடுக்கவும் வையுங்கள். விண்டோஸ் 10-க்கும் மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. குரோமும் ஃபயர்பாக்ஸும் அதில் இன்னும் வருகின்றன என்றாலும், அடுத்த கணினிக்கு இப்போதே பணம் ஒதுக்கத் தொடங்குங்கள்.

எக்ஸ்டென்ஷன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 2019 மே 4 அன்றும் இதே போலச் சான்றிதழ் ஒன்று காலாவதியாகி உலகம் முழுக்க ஃபயர்பாக்ஸ் எக்ஸ்டென்ஷன்கள் அணைந்தன, மறுநாளே 66.0.4 வந்து சரியானது. அதற்குள் பதறி அவற்றை நீக்கி மறுபடி போட முயன்றவர்கள் அவற்றுக்குள் இருந்த அமைப்புகளை இழந்தார்கள். அணைந்ததை நீக்காதீர்கள், ஒருநாள் பொறுங்கள். குரோமில் பழைய விளம்பரத் தடுப்பான் போய்விட்டது என்றால் கதை வேறு. மேனிஃபெஸ்ட் வி2 என்ற பழைய அமைப்பில் எழுதியவற்றைக் குரோம் 2024 முதல் படிப்படியாக நிறுத்தி, 2025-ல் முழுதாக எடுத்துவிட்டது. அது திரும்பாது. யூபிளாக் ஆரிஜின் லைட் என்ற புது வடிவம் இருக்கிறது. முழு வடிவம் வேண்டுமென்றால் ஃபயர்பாக்ஸில் இன்னும் ஓடுகிறது.

வேறு எந்தக் கோளாறு வந்தாலும் பிரித்துப் பார்க்கும் வரிசை இது. முதலில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் அழுத்திப் பக்கத்தைப் புதிதாக ஏற்றுங்கள். கேஷில், அதாவது பிரவுசர் முன்பே சேமித்து வைத்த இடத்தில், கிடந்த பழைய துண்டும் தளத்தின் புதிய துண்டும் ஒத்துப்போகாததே பல சமயம் காரணம். சரியாகவில்லையா, குரோமில் புதிய ப்ரொஃபைல் ஒன்றைத் திறந்து அதே தளத்தைப் பாருங்கள். ஃபயர்பாக்ஸில் ‘ஹெல்ப்’ மெனுவில் ‘ட்ரபிள்ஷூட் மோட்’ எக்ஸ்டென்ஷன்களை அணைத்துத் திறக்கும், ஆனால் குக்கிகள் அப்படியே இருக்கும். குரோமின் புதிய ப்ரொஃபைலில் ஓடினால் உங்கள் எக்ஸ்டென்ஷனோ குக்கியோ பெரும்பாலும் காரணம். எக்ஸ்டென்ஷன்களைப் பாதி பாதியாக அணைத்துப் பார்த்தால் எட்டு இருந்தாலும் மூன்று சுற்றில் கிடைத்துவிடும். புதிய ப்ரொஃபைலிலும் ஓடாமல் மற்ற பிரவுசரில் ஓடினால் வெர்ஷன்தான் காரணம், தளத்துக்குத் தெரிவிக்க வேண்டும். எங்குமே ஓடவில்லை என்றால் தளமே கெட்டிருக்கிறது. திரை கறுத்து மின்னுவது, எழுத்து கலைவது, ஸ்க்ரோல் செய்தால் கோடு விழுவது என்றால் இந்த வரிசையே வேண்டாம்: ‘சிஸ்டம்’ பகுதியில் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷனை அணைத்து ரீலாஞ்ச் செய்யுங்கள். சரியானால் டிஸ்ப்ளே டிரைவரைப் புதுப்பித்துவிட்டு அதை மறுபடி போட்டுவிடுங்கள், இல்லையென்றால் வீடியோ ஓடும்போது ப்ராசசர் திணறும்.

பிரிண்ட் ஜன்னல் மாறி அளவு சரியாக வரவில்லை என்றால், குரோமில் கண்ட்ரோல், ஷிஃப்ட், பி அழுத்தினால் விண்டோஸின் பழைய பிரிண்ட் பெட்டி வரும். ஃபயர்பாக்ஸில் அதே சாவிகள் ப்ரைவேட் ஜன்னலைத் திறக்கும், குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தமிழ் எழுத்து திடீரென்று வேறு மாதிரி தெரிந்தால் பிரவுசரைக் குறை சொல்வதற்கு முன் கணினியைப் பாருங்கள். விண்டோஸ் 7-ல் தமிழுக்கு லதா என்ற எழுத்துரு. 8 முதல் நிர்மலா. விண்டோஸ் 10-ல் லதா இயல்பாக இருப்பதில்லை. ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ பட்டியலில் தமிழ் சப்ளிமெண்டல் ஃபான்ட்ஸ் என்று தேடிச் சேர்க்க வேண்டும். லதாவை நம்பிச் செய்த பக்கம் அதுவரை வேறு முகத்தோடுதான் தெரியும். ஃபயர்பாக்ஸில் எழுத்துரு அமைப்பில் ‘அட்வான்ஸ்டு’ போனால் தமிழுக்கென்று தனியாக எழுத்துரு தேர்ந்தெடுக்கலாம். குரோமின் சாதாரண அமைப்பில் மொழிவாரியாக அந்த வசதி இல்லை.

பழைய கணினியில் அப்டேட்டே நடக்கவில்லை, எல்லாத் தளமும் பாதுகாப்பற்றது என்கிறது என்றால் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 என்ற வட்டமான பேட்டரி தீர்ந்துவிட்டால், மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு முறையும் தேதி பல ஆண்டு பின்னால் போய்விடும். சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்காதவை போலத் தெரியும். சின்னச் செலவில் பேட்டரியை மாற்றினால் தீர்ந்தது. அதற்காக விண்டோஸை அழித்துப் போட வேண்டாம்.

வேலையில் புதிதாகச் சேர்பவருக்கு முதல் நாளே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. உண்மையான அப்டேட் ஒருபோதும் இணையப் பக்கத்தின் நடுவில் வந்து "உங்கள் குரோம் பழையது, இதை இறக்குங்கள்" என்று கேட்காது. அப்படி வந்து ஒரு ஜிப் கோப்போ, போனில் ஏபிகே கோப்போ இறங்கினால், திறக்காமல் அழித்துவிட்டு டேப்பை மூடுங்கள். சந்தேகமிருந்தால் ‘அபௌட்’ பக்கத்தில்தான் பார்க்க வேண்டும். போனில் ப்ளே ஸ்டோரில். போனில் ஒரே நாளில் பல செயலிகள் திறந்ததும் மூடிக்கொண்டால், ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ என்ற பகுதியின் (செயலிகளுக்குள் இணையப் பக்கத்தைக் காட்டுவது) அப்டேட்டைப் பாருங்கள். 2021 மார்ச்சில் அப்படித்தான் நடந்தது. அடுத்த வெப்வியூ, குரோம் அப்டேட்டுகளைப் போட்டதும் சரியானது.

அன்றாட ஏற்பாடாக இதைச் செய்யலாம். இரண்டு பிரவுசரின் வெளியீடுகளும் பெரும்பாலும் அமெரிக்க நேரப்படி செவ்வாய்க்கிழமை வருகின்றன; நமக்கு அது செவ்வாய் இரவு அல்லது புதன். புதன்கிழமை கடை திறப்பதற்கு இருபது நிமிடம் முன்பு ஒரு விண்டோஸ் 10 கணினியில் மட்டும் ‘அபௌட்’ பக்கத்தைத் திறந்து, அப்டேட்டை வாங்கி ரீலாஞ்ச் செய்யுங்கள். நான்கு வேலையைச் சோதியுங்கள்: லாகின், கைரேகை, கட்டணப் பக்கம் திறக்கும் வரை போய்த் திரும்புவது, ஒரு ரசீது பிரிண்ட். ஒரு நோட்டில் தேதி, முழு வெர்ஷன் எண், நான்கிலும் என்ன ஆனது என்று ஒரு வரி எழுதுங்கள். நான்கும் ஓடினால் வியாழன் காலை அடுத்த கணினி. ஏதாவது ஒன்று நின்றால், தானாக அப்டேட் வந்து இறங்கியிருந்தாலும் அடுத்த கணினியின் குரோமை ஒருநாள் ரீலாஞ்ச் செய்யாமல் வைத்து, வாடிக்கையாளரை அங்கே அனுப்பிவிட்டு, மேலே சொன்ன வரிசையில் காரணத்தைத் தேடலாம்.